பாலஸ்தீனப் பாடல்களில் எதிர்ப்பையும் அமைதியையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா?

கேள்வி: கரிசல்வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது வழக்கம். வரும் மாதம் என் முறை. பாலஸ்தீன மக்களின் போராட்டப் பாடல்களைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு, இரண்டு மாதங்களாக இரவு நேரங்களில் அந்தப் பாடல்களைக் கேட்டும், கிடைத்த மொழிபெயர்ப்புகளை வைத்து வரி வரியாகப் பொருள் பார்த்தும் வருகிறேன். எனக்கு அரபி தெரியாது. ஆகையால்தான் இங்கே கேட்கிறேன்.

குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘எதிர்ப்பு’ என்றும் வலப்பக்கம் ‘அமைதி’ என்றும் எழுதிக்கொண்டு, கேட்ட பாடல்களை ஒவ்வொன்றாக இரண்டில் ஒரு பக்கம் சேர்த்துவந்தேன். 1930இல் பாலஸ்தீனத்தின் அக்கோ (Acre) நகரச் சிறையில் பிரிட்டிஷார் தூக்கிலிட்ட பாலஸ்தீனர் மூவரைப் பற்றிய பாடலும், தவ்ஃபீக் ஸய்யாதின் கவிதைக்கு லெபனானின் அஹ்மத் கஅபூர் 1975இல் இசையமைத்துப் பாடிய ‘உனாதீகும்’ (உங்களை அழைக்கிறேன்) பாடலும், லோத் நகரத்து டாம் குழுவினர் 2001இல் வெளியிட்ட ‘யார் பயங்கரவாதி?’ என்ற ராப் பாடலும் இடப்பக்கம் சென்றன. ரீம் பன்னா பாடிய தாலாட்டுகளும், பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் தம் தாயைப் பற்றி எழுதி மார்செல் கலீஃபே பாடிய பாடலும், ஸாப்ரீன் குழுவினரின் ‘புறாக்கள் வருகின்றன’ என்ற 1994ஆம் ஆண்டுத் தொகுப்பும் வலப்பக்கம் சென்றன.

பிறகு ‘ரீத்தாவும் துப்பாக்கியும்’ வந்தது. தர்வீஷ் எழுதியது, மார்செல் கலீஃபே பாடியது. தலைப்பிலேயே ஆயுதம் இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கி பகைவனை நோக்கி நீட்டப்படவில்லை. கவிஞருக்கும் அவர் நேசித்த யூதப் பெண்ணுக்கும் இடையில் குறுக்கே கிடக்கிறது. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டேன். அதற்குப் பின் முன்பு எழுதியவற்றையும் திரும்பக் கேட்டேன். ‘உனாதீகும்’ பாடலில் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கோபம் இல்லை. மூதாதையரின் கல்லறைகள் மேல் புல்லைப் பசுமையாகக் காத்தேன் என்று ஒருவன் சொல்கிறான். தாலாட்டிலோ, நான் எதிர்பாராத அளவுக்கு அச்சம் இருக்கிறது.

நான் கிழித்த கோடே தவறா? இப்பாடல்களில் அமைதி என்பது எந்தச் சொல்லால், எந்தப் படிமத்தால் குறிக்கப்படுகிறது? இவற்றின் வேர் எங்கே இருக்கிறது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பாலைவழி

அன்புள்ள கரிசல்வாசகன் அவர்களுக்கு வணக்கம். நான் ஜோர்டானின் அம்மான் நகரில் பதினொரு ஆண்டுகள் கணக்கராகப் பணியாற்றியவன். என் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மேல், 1948 போரிலோ 1967 போரிலோ பாலஸ்தீனத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களிடமிருந்து காதால் கற்றவற்றையே எழுதுகிறேன்.

தாங்கள் கேட்ட வேரிலிருந்து தொடங்குகிறேன். வேர் மேடையில் இல்லை, கல்யாண வீட்டில் இருக்கிறது. உடன் பணியாற்றியவரின் தம்பி திருமணத்துக்குப் போயிருந்தேன். இளைஞர்கள் தோளோடு தோள் சேர்த்து தப்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில் நிற்பவன் கையில் ஜெபமாலையைச் சுழற்றிக்கொண்டு அடி வைக்க, மற்றவர்கள் ஒரே நேரத்தில் தரையை ஓங்கி மிதிக்கிறார்கள். அப்போது ‘ஸரீஃபுத் தூல்’ என்ற நாட்டுப்பாடல் தொடங்கியது. ‘நெடிதுயர்ந்த அழகனே’ என்று விளிக்கும் பாடல் அது. அதுவரை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த மணமகனின் பாட்டி, தம் கைத்தடியால் தாளம் போட்டுக்கொண்டே வாய் அசைக்கத் தொடங்கினார். பொருள் என்ன என்று நண்பரிடம் கேட்டேன். ‘நில்லடா, ஒரு சொல் சொல்கிறேன், நீ பிற நாட்டுக்குப் போகிறாய், உனக்கு உன் ஊரே நல்லது’ என்பதுதான் சாரம் என்றார்.

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகும் இளைஞனைப் பார்த்து ஒரு பெண் பாடும் காதல் பாட்டு அது. அதில் அரசியல் ஒன்றும் இல்லை. ஆனால் 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்த பிறகு, ‘உனக்கு உன் ஊரே நல்லது’ என்ற அந்த அடி, யாரும் ஓர் எழுத்தையும் மாற்றாமலேயே வேறு ஒரு பாடலின் அடியாகிவிட்டது. அந்தப் பாட்டியின் ஊர் இன்று வரைபடத்தில் அந்தப் பெயரில் இல்லை. அவர் அதைக் கல்யாணத்தில், பேரனுக்காக, மகிழ்ச்சியோடு பாடுகிறார். இதை எதிர்ப்பு என்பீர்களா, அமைதி என்பீர்களா? இரண்டு பெயரும் அந்த நாற்காலிக்கு அருகில் போகவில்லை.

பெண்களின் பாட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. சொற்களுக்கு நடுவே ‘ல’ ஒலியை மீண்டும் மீண்டும் நுழைத்து, கேட்பவருக்குச் சொல் பிடிபடாதபடி பாடுவார்கள். மலையேறுபவர்களையும் தீ மூட்டுபவர்களையும் விளித்துப் பாடும் ‘யா தாலிஈன் அல்ஜபல்’ அவற்றுள் புகழ் பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சிறை மதிலுக்கு வெளியே நின்ற பெண்கள், உள்ளே இருந்த உறவினருக்குச் செய்தி சொல்ல இப்படிப் பாடினார்கள் என்று பாட்டிமார் சொல்லி வந்திருக்கிறார்கள். காவலனுக்கு அது குலவை போலக் கேட்கும். உள்ளே இருப்பவனுக்குச் செய்தி போய்ச் சேரும். நம் ஊரில் சிறுவர்கள் ‘க’ பாஷை பேசுவார்களே, அதே முறைதான்; ஆனால் உயிர் பணயம்.

ஆண்களின் பாட்டு நேரடியானது. ஹைஃபாவின் நூஹ் இப்ராஹீம் அச்சகத் தொழிலாளி, மக்கள் பாடகர். 1936இல் தொடங்கிய கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் படைத் தளபதி டில் என்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, இந்தச் சிக்கலை நீரே தீர்த்து வையும் ஐயா, உம் கையால் தீர்ந்தாலும் தீரும் என்று கேலியும் கோரிக்கையும் கலந்து பாடியவர். சிறைக்குப் போனார், 1938இல், இருபத்தைந்து வயதில், சண்டையில் கொல்லப்பட்டார். தாங்கள் குறிப்பிட்ட அக்கோ சிறைப் பாடலும் அவர் எழுதியது என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதை இன்று நாம் கேட்கும் வடிவில் பரப்பியது எழுபதுகளின் இறுதியில் டமாஸ்கஸில் உருவான அல் ஆஷிகீன் குழு. அந்தப் பாடலைச் சற்று நெருங்கிக் கேளுங்கள். சிறையிலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படுகிறது. மூவரும் நான்தான் முதலில் போவேன் என்று போட்டியிடுகிறார்கள். பிறகு ஒரு தாய் உரக்கக் கூப்பிடும் குரல் வருகிறது. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் புதிதாக இருக்காது.

அவர்களிடம் ‘ஸுமூத்’ என்றொரு சொல் புழங்குகிறது. விடாமல் நிலைத்து நிற்றல், இடம் பெயராதிருத்தல் என்று பொருள். ஒலிவ மரத்தை விடாமல் பராமரிப்பதும் ஸுமூத். இடிக்கப்பட்ட வீட்டை அதே இடத்தில் மீண்டும் கட்டுவதும் ஸுமூத். பிள்ளைக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடுப்பதும் ஸுமூத். தங்கள் குறிப்பேட்டில் கிழித்த கோட்டின் மேலேயே எழுத வேண்டிய சொல் இது என்று நினைக்கிறேன். பெரும்பாலான பாடல்கள் அங்கேதான் நிற்கின்றன.

மறுமொழி 2: தந்திமீட்டி

பாலைவழி ஐயா சொன்னவற்றோடு இசைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் வயலின் ஆசிரியை. கர்நாடக இசை பயின்றவள்.

இப்பாடல்களைக் கேட்கும் தமிழ் நண்பர்கள் பலரும் ‘எவ்வளவு சோகமாக இருக்கிறது’ என்று சொல்கிறார்கள். அது ஓரளவு நம் காது செய்யும் வேலை. அரபு இசையின் மகாம் முறையில் (மகாம் நம் ராகத்தைப் போன்றது) பயாத்தி என்றொரு மகாம் உண்டு. அதில் இரண்டாம் சுரம் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் இடையில், ஏறத்தாழ நடுவில் நிற்கும். நம் காதுக்கு அது ஏதோ ஓர் ஏக்கம் போலப் படுகிறது. அவர்களுக்கோ கல்யாணப் பாட்டிலும் தப்கே ஆட்டத்திலும் நாளும் புழங்கும் ஒலி. ஹிஜாஸ் மகாமின் கீழ்ப் பகுதி நமக்கு எளிதில் பிடிபடும். மாயாமாளவகௌளையின் ச ரி க ம தான் ஏறக்குறைய அது. ஆகவே, சோகமாக ஒலிப்பதையெல்லாம் அமைதிப் பக்கமும், கைதட்டலோடு விரைவாக ஒலிப்பதையெல்லாம் எதிர்ப்புப் பக்கமும் சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை கேட்டபோது நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

ஸாப்ரீன் குழுவைப் பற்றி விரிவாகப் பேசும்படி பரிந்துரைக்கிறேன், ஏனெனில் தங்கள் கேள்விக்கான விடை அவர்களின் தொகுப்புகளின் தலைப்புகளிலேயே வரிசையாக இருக்கிறது. 1980இல் ஜெருசலேமில் ஸயீத் முராத் தொடங்கிய குழு அது. ஊத், கானூன், பூஸுக் ஆகிய நரம்புக் கருவிகளோடு மேற்கத்திய கருவிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊத் செய்யும் கைவினைஞரின் மகளான கமீலியா ஜுப்ரான் பாடகி. 1984இல் ‘எரிமலைகளின் புகை’; முதல் இன்திஃபாதா (இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி) தொடங்கிய மறு ஆண்டு, 1988இல், ‘நபியின் மரணம்’; இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையிலான ஒஸ்லோ உடன்பாடு கையெழுத்தான மறு ஆண்டு, 1994இல், ‘புறாக்கள் வருகின்றன’; இரண்டாம் இன்திஃபாதா வெடித்த 2000ஆம் ஆண்டில் ‘எங்கே போகிறோம்?’ என்ற கேள்வி. புகை, மரணம், புறா, கேள்வி. இருபது ஆண்டு வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

கமீலியாவின் பாடும் முறையையும் கவனியுங்கள். பேரணியில் ஆயிரம் பேர் சேர்ந்து பாடக்கூடிய மெட்டு அவரிடம் குறைவு. அடி பாதியில் நிற்கும். தாளம் எதிர்பாராத இடத்தில் விழும். கேட்பவர் சிரமப்பட வேண்டியிருக்கும். முழக்கத்துக்குப் பழகிய காதுகளைச் சிந்தனைக்குப் பழக்க வேண்டும் என்ற தெளிவோடு அந்தக் குழு இயங்கியது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் கலை எப்போதும் எளிமையாகவும் உரத்தும்தான் இருக்க வேண்டும் என்று பிறர் எதிர்பார்ப்பதற்கும் இது ஒரு மறுப்பு.

நாசரேத்தின் ஜுப்ரான் சகோதரர்கள் மூவரும் ஊத் வாசிப்பவர்கள். தர்வீஷ் கவிதை படிக்கும் மேடைகளில் உடன் வாசித்தவர்கள். அவர் 2008 ஆகஸ்டில் மறைந்த பின், அவருடைய பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு அதற்கு வாசித்தார்கள். ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கவாத்தியம். அதைக் கேட்ட நாளில் என் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க முடியவில்லை.

மறுமொழி 3: கல்வெட்டு

நல்ல உரையாடல். ஆனால் ஓரிடத்தில் நான் உடன்படவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்வதே கரிசல்வாசகனுக்கு உதவும்.

எல்லாப் பாடல்களும் கோட்டின் மேலேயே நிற்கின்றன என்று சொல்லிவிட்டால், ஆயுதத்தை நேரடியாகப் போற்றும் பாடல்களை நாம் காணாமல் போகச் செய்கிறோம். அறுபதுகளின் இறுதியிலிருந்து விடுதலை இயக்கங்களின் வானொலிகளில் ஒலித்த அணிவகுப்புப் பாடல்கள் ஏராளம். 1996இல் பாலஸ்தீனத்தின் அதிகாரபூர்வ கீதமாக ஏற்கப்பட்ட ‘ஃபிதாயீ’ அந்த மரபில் பிறந்ததுதான். தன்னையே ஈயத் துணிந்த போராளி என்பது அந்தச் சொல்லின் பொருள். அதற்கு முன் மக்கள் கீதமாக விளங்கிய ‘மவ்தினீ’, நாப்லுஸ் கவிஞர் இப்ராஹீம் தூகான் முப்பதுகளில் எழுதியது. தாயகத்தின் அழகையும் வாழ்வையும் பாடும் அந்தப் பாடலை 2004இல் ஈராக் தன் தேசிய கீதமாக எடுத்துக்கொண்டது. இரண்டு கீதங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதிர்ப்பு என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது விளங்கும்.

அக்கோ சிறைப் பாடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1929 ஆகஸ்டு கலவரங்களில் நிகழ்ந்த கொலைகளுக்காகவே அம்மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த நாட்களில் ஹெப்ரோனில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்; அயல்வீட்டு அரபுக் குடும்பங்கள் பலரை ஒளித்துவைத்துக் காப்பாற்றின. பாடலுக்குள் அந்த ஆகஸ்டு இல்லை. 1930 ஜூன் 17 மட்டுமே இருக்கிறது. பாடும் மக்களுக்கு அது அயலார் ஆட்சியின் தூக்குமேடை. அந்த உணர்வு உண்மையானது. ஆனால் வாசகர் வட்டத்தில் அதை விளக்குபவர் இரண்டு தேதிகளையும் சொல்ல வேண்டும். ஒரு மக்களின் துயரத்தை மதிப்பதற்கு இன்னொருவரின் இறப்பை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

இன்னொரு புறம், அமைதிப் பாடல் என்ற பெயரில் வருபவற்றையும் ஆராய வேண்டும். 2009இல் மாஸ்கோவில் நடந்த யூரோவிஷன் போட்டியில் இஸ்ரேலின் சார்பில் யூதப் பாடகி நோவாவும் பாலஸ்தீனப் பாடகி மீரா அவத்தும் சேர்ந்து, வேறு வழி இருந்தாக வேண்டும் என்ற கருத்தில் ஒரு பாடலை ஹீப்ரு, அரபி, ஆங்கிலம் மூன்றிலும் பாடினார்கள். காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். விலகிக்கொள்ளும்படி கலைஞர்கள் பலர் மீரா அவத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். குண்டு விழும் நேரத்தில் இது போலி ஒற்றுமையைக் காட்டும் என்பது அவர்கள் வாதம். அவர் விலகவில்லை. எனக்கு அந்தப் பாடகியின் நேர்மையில் ஐயம் இல்லை. மடல் எழுதியவர்களின் வாதத்திலும் குறை காண முடியவில்லை. பாடலின் சொற்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, யார் மேடை போட்டுக் கொடுத்தார்கள் என்பதும் பாடலின் பகுதி.

மறுமொழி 4: மட்டுநகர் வாசகி

வணக்கம். கல்வெட்டு ஐயா எழுப்பிய இரண்டாவது செய்தியிலிருந்து தொடர்கிறேன்.

அமைதியைக் குறிக்க என்ன சொல் புழங்குகிறது என்று கரிசல்வாசகன் கேட்டிருந்தார். ‘சலாம்’ என்ற சொல் அவர்கள் நாள்தோறும் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல். ஆனால் 1993 செப்டம்பர் 13இல் ஒஸ்லோ உடன்பாடு கையெழுத்தான பிறகு அது பேச்சுவார்த்தை மேசையின் சொல்லாக மாறியது. பின்வந்த ஆண்டுகளில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் பெருகின. சோதனைச் சாவடிகள் பெருகின. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதற்கு அனுமதித் தாள் தேவைப்பட்டது. மேசையில் அந்தச் சொல் ஒலிக்க ஒலிக்க, பாட்டில் அது மங்கியது. கவிஞர்கள் அந்தப் பொருளைக் கைவிடவில்லை, வேறு சொற்களுக்குள் வைத்துக் காத்தார்கள். தாயின் ரொட்டி, தாயின் காப்பி, வீட்டுத் திறவுகோல், கிணறு, ஒலிவ எண்ணெய். தர்வீஷ் சிறையில் இருந்தபோது எழுதிய தாயைப் பற்றிய கவிதையில், நான் செத்துவிட்டால் அம்மாவின் கண்ணீருக்கு முன் நாணிப்போவேன், ஆகவே என் உயிரை நேசிக்கிறேன் என்று ஒரு மகன் சொல்கிறான். போராட்டக் கவிஞன் உயிர்த்தியாகத்தைப் பாடுவான் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முன்னால், ஓர் இளைஞன் உயிர் வாழ ஆசைப்படுவதற்குக் காரணம் சொல்கிறான். நான் அறிந்த அமைதிப் பாடல் இதுதான்.

எங்கள் ஊரில் பலஸ்தீனக் கவிதைகள் எண்பதுகளிலேயே தமிழில் வாசிக்கப்பட்டன. எம்.ஏ. நுஃமான் அவர்களின் மொழிபெயர்ப்பு வழியாகத் தர்வீஷும் ஸமீஹ் அல் காசிமும் ஈழத்து வாசகர்களுக்கு வீட்டு மனிதர்களைப் போல ஆனார்கள். என் அண்ணன் அந்தக் கவிதைகளைப் பள்ளிக் கொப்பியில் பெயர்த்தெழுதி வைத்திருந்தார். அடையாள அட்டையை நீட்டச் சொல்லும் காவலனைப் பார்த்து ‘எழுதிக்கொள், நான் அரபு’ என்று ஒருவன் சொல்லும் கவிதையை நாங்கள் எந்த இடத்தில் நின்று வாசித்திருப்போம் என்பதை, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதை ஒப்பீட்டுக்காகச் சொல்லவில்லை. அந்தக் கவிதைகள் தமிழுக்கு வந்த வழி இது என்பதால் சொல்கிறேன்.

ஒலிநாடாக்களைப் பற்றியும் பேசுங்கள். 1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா தொடங்கிய சில நாட்களில், ஜெருசலேமின் ரியாத் அவ்வாத் தம் சகோதரிகளோடு வீட்டுக் கூடத்திலேயே ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். மின்னிசைக் கருவியும் வீட்டுப் பெண்களின் குரலும் சேர்ந்த பதிவு. ஏறத்தாழ 3,000 ஒலிநாடாக்கள் தயாராயின, இஸ்ரேலிய ராணுவம் தேடித் தேடிப் பறிமுதல் செய்தது, அவரும் சிறைப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஜெனின் நகரில் ஒரு பழைய ஒலிநாடாக் கடையின் இருப்பிலிருந்து ஒரு பிரதி கிடைத்து மறுபடியும் வெளியாயிற்று. வீட்டுக் கூடத்தில் பாடிய சகோதரிகளின் குரலுக்கு ஒரு ராணுவம் அஞ்சியது என்றால், அந்தக் குரலில் ஆயுதம் இருந்ததா என்று தங்கள் கூட்டத்தில் கேளுங்கள்.

கரிசல்வாசகன் (கேள்வி கேட்டவர்)

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்கிறேன். கோடு கிழித்ததிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. கல்வெட்டு ஐயா சொன்னபடி இரண்டு தேதிகளையும் கட்டாயம் சொல்வேன்.

இரண்டு சிறு ஐயங்கள். பிறந்து இருபது, முப்பது ஆண்டுகளே ஆனவர்கள் கேட்பது பெரும்பாலும் ராப் என்கிறார்கள். அதில் இந்த மரபு தொடர்கிறதா? மற்றொன்று, காஸாவில் இன்று பாட்டு இருக்கிறதா?

மறுமொழி 5: பாலைவழி

முதல் ஐயத்துக்கு என் மகன் உதவியோடு விடை எழுதுகிறேன். அவன் அம்மானில் பள்ளி படித்தவன். அந்தப் பாடல்களோடு வளர்ந்தவன்.

டாம் குழுவினரின் ஊரான லோத், 1948 ஜூலையில் அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்ட நகரம். தப்பி எஞ்சிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இவர்கள்; இஸ்ரேலியக் குடியுரிமை உடையவர்கள்; ஹீப்ருவில் படித்தவர்கள். ‘யார் பயங்கரவாதி?’ என்ற அந்தப் பாடல் இணையத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்டது. கடைத்தெருவில் கைமாறிய ஒலிநாடாவின் வேலையை இணையம் செய்தது. ஹீப்ருவிலும் அவர்கள் பாடியிருக்கிறார்கள் என்பது முக்கியம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு விளங்கும் மொழியில் அவனைக் கேள்வி கேட்பது, அவனோடு சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டவர் செய்யும் செயல். தம் சமூகத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. குடும்ப மானத்தின் பெயரால் பெண்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து 2012இல் ஒரு பாடல் வெளியிட்டார்கள். 2013இல் அம்மானில் உருவான ஃபார்ட்டி செவன் சோல் குழுவினர் தப்கேயின் மிதியை மின்னிசைத் தாளத்தோடு சேர்த்தார்கள். என் மகன் அதைப் போட்டுவிட்டு ஆடும்போது, அந்தக் கல்யாணத்தில் பார்த்த அதே அடிவைப்பைத்தான் பார்க்கிறேன்.

பாட்டிமாரையும் மறக்க வேண்டாம். நாசரேத்தின் தலால் அபூ ஆம்னா நரம்பியல் ஆய்வாளரும் பாடகியும் ஆவார். வயது முதிர்ந்த பெண்களை மேடையில் தம்மைச் சுற்றி உட்கார வைத்து, அவர்கள் வீட்டில் பாடிய பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து பாடுகிறார். 2023 அக்டோபரில் சமூக ஊடகத்தில் ஒரு பதிவு இட்டதற்காக அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவில் இருந்தது இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை என்ற ஒரு தொடரும் பாலஸ்தீனக் கொடியும் மட்டுமே.

மறுமொழி 6: தந்திமீட்டி

இரண்டாவது ஐயத்துக்கு நான் எழுதுகிறேன்.

பாலஸ்தீனச் சிந்தனையாளர் எட்வர்ட் ஸயீத் பெயரில் இயங்கும் பாலஸ்தீன இசைக் கல்லூரிக்குக் காஸாவிலும் ஒரு கிளை இருந்தது. போரில் கட்டடம் சிதைந்தது, மாணவர்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். ஆசிரியர்கள் கூடாரங்களில் வகுப்புகளைத் தொடர்ந்தார்கள். கருவிகளில் பல உடைந்துபோயின. பாட்டு வகுப்புக்குத் தொண்டை போதும்.

காஸாவின் வானில் வேவு பார்க்கும் ட்ரோன்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. இடைவிடாத ரீங்காரம். அங்குள்ளவர்கள் அதை ‘ஸன்னானா’ என்று அழைக்கிறார்கள். இரைவது என்று பொருள். தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஒலி எப்போது வெடியாக மாறும் என்று யாருக்கும் தெரியாது. 2025இல் அங்குள்ள ஓர் இசையாசிரியர் பிள்ளைகளைத் தம்மைச் சுற்றி நிற்க வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் காட்சிப் பதிவு ஒன்று பரவியது. ட்ரோன் ஒலி பயிற்சியைக் கெடுக்கிறது என்று பிள்ளைகள் முறையிட்டதால், அவர் அந்த ஒலியையே சுருதியாக எடுத்துக்கொள்ளச் செய்தார்.

நான் அதை இசை ஆசிரியையாகத்தான் கேட்டேன். வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை. என் வகுப்பில் சுருதிப் பெட்டியைப் போட்டவுடன் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆதார ஷட்ஜத்தைத் தேடுவார்கள். குரல் மேலும் கீழும் அலைந்து ஓரிடத்தில் சேரும். அந்தப் பதிவிலும் பிள்ளைகளின் குரல் அப்படித்தான் அலைந்து சேருகிறது. ஆசிரியர் கையை மெதுவாக உயர்த்துகிறார். அவர்கள் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். ட்ரோன் நிற்கவில்லை, பாட்டு முடியும் வரை சுருதி விலகவும் இல்லை.

தங்கள் கூட்டத்தில் ஒலிபெருக்கி இருந்தால் அதைப் போட்டுக் காட்டுங்கள். முதலில் சில நொடிகள் அந்த ரீங்காரத்தை மட்டும் கேட்க விடுங்கள். பிறகு பிள்ளைகளின் குரல் வரட்டும்.